பினாங்கில் நான்கு இரவுகள்

"பதினெட்டாயிரத்து நானூறுன்னுதானே சொன்னே. இருபத்தோராயிரத்து முந்நூறு போயிருக்குது பாரு," என்று ரவிக்குமார் தன் ஃபோனை மனைவி ஜோதிமணியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

ஓட்டல் அறையைப் பதிவு செய்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் இன்னும் லேப்டாப்பை மூடவில்லை.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பி சந்துருவைப் பார்க்கத்தான் அவள் போவதாக இருந்தது. சந்துரு சொந்த ஊரான ஹனூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவன் இருக்கும் தொழிலாளர் விடுதியில் வெளியாட்களைத் தங்கவிடமாட்டார்கள். விமான டிக்கெட்டை அவனே எடுத்து அனுப்பிவிட்டான். ரூமுக்காவது நான் கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தவள் ஜோதிமணி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான்.

இணையதளத்தில் நான்கு இரவுக்குக் காட்டிய விலை பதினெட்டாயிரத்து நானூறு. பெரிய எழுத்தில், ரூபாயில்.

"அதுல அப்படித்தானுங்க போட்டிருந்துச்சு. ஏன் கூட எடுத்தாங்கன்னு எனக்கும் தெரியலீங்க."

ரவிக்குமாருக்கு மண்டி மொஹல்லா கடைவீதியில் பெயிண்ட் கடை. டப்பாவில் அச்சடித்ததற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுகிற தெரு. காட்டுவது ஒரு விலை, எடுப்பது ஒரு விலை என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. எட்டாத இடத்தில் வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மிச்சத்த உன் தம்பிக்கு அனுப்பிப்போட்டு எங்கிட்ட ஓட்டல் கணக்குச் சொல்றியா?"

ஜோதிமணி அவனைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவை ரத்து செய்தாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி லேபில் அவள் டெக்னீஷியன்.

அன்று சாயங்காலம் சந்துரு அழைத்தான். "எனக்கு லீவு குடுக்க மாட்டேங்கறாங்கடா சாமி," என்று அவள் சொல்வது கூடத்தில் இருந்த ரவிக்குமாரின் காதில் விழுந்தது. தன்னைத் தம்பியிடம் அவள் காட்டிக்கொடுக்கவில்லை என்று புரிந்தது. அப்போதும் அவன் கூடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ரத்து செய்த பணம் திரும்பி வந்தது. அதுவும் குறைந்துதான் வந்தது.

இது யார் எடுத்தது? ரவிக்குமார் தன் கடைக்கு இரண்டு கடை தள்ளி டிராவல்ஸ் வைத்திருக்கும் மாணிக்கவாசகத்திடம் போனான்.

மாணிக்கவாசகம் அதே ஓட்டலைத் திரையில் திறந்து, கடைசிப் பக்கம் வரை கொண்டுபோனார். "நோடி சார், இங்க பாருங்க, முதல்ல தெரியறது சும்மா ரூபாய்க்கு மாத்திக் காட்டறது. எடுக்கறது அந்த ஊர்க் காசு ரிங்கிட்லதான். வரி, சர்வீஸ் எல்லாம் இந்தப் பக்கத்துலதான் ஏறும். அதுக்கு மேல பேங்க் அதும் பங்குக்கு எடுத்துக்கும். திருப்பிக் குடுக்கறப்போ அன்னிக்கு என்ன ரேட்டோ அது. எல்லாம் கீழ பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, யாரு படிக்கறா?" என்றவர் சிரித்தார். "ஏன், ஓடிபி மெசேஜ்லயே ரிங்கிட்ல எவ்வளவுன்னு வந்திருக்குமே. பாக்கலியா?"

ரவிக்குமார் அங்கேயே நின்று பழைய மெசேஜைத் தேடி எடுத்தான்.

இருந்தது. ஆறு இலக்கத்துக்குப் பக்கத்திலேயே, அதே வரியில். அன்றைக்கு அதை அவளுக்குப் படித்துச் சொன்னது அவன்தான். ஆறு இலக்கத்தை மட்டும் படித்திருந்தான்.

கடைக்குத் திரும்பாமல் வீட்டுக்குப் போனான். ஜோதிமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகம் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னான். "தப்பு எம்மேலதான் ஜோதி. மறுபடியும் ரூம் போட்டுரு. சந்துருகிட்ட நான் பேசறேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியலீங்கன்னு நான் சொன்னப்ப நம்பல. அவரு சொன்னதும் நம்பிட்டீங்க," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சந்துருகிட்ட நானே பேசிக்கறனுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ரவிக்குமார் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை ரிங்கிட் தொகையையும் சேர்த்தே படித்துச் சொல்வது என்று முடிவு செய்திருந்தான். அவள் கார்டு எண்ணை அடித்து முடித்தாள்.

மெசேஜ் வரவில்லை.

"டவர் இல்லையாட்ட இருக்குது," என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஃபோனை உயர்த்திப் பிடித்தான்.

பின்னால் சின்னதாக ஒரு ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தான். ஜோதிமணி தன் ஃபோனைப் பார்த்துப் பார்த்து ஆறு இலக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் பேங்குக்குப் போயி ஃபோன் நம்பர மாத்திட்டு வந்தனுங்க," என்றாள், திரும்பாமலே.

அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருடமாக விழுந்துகொண்டிருப்பது அவளுடைய ஆஸ்பத்திரிச் சம்பளம். கணக்கு தொடங்கிய அன்று, அவள் கையிலும் ஃபோன் இருக்கும்போதே, தன் நம்பரை எழுதிக் கொடுத்தவன் ரவிக்குமார்.

ஜோதிமணி லேப்டாப்பை மூடினாள். இந்தத் தடவை எவ்வளவு ஆச்சு என்று கேட்க வாயெடுத்தவன், "இட்லி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டான்.