துடிப்புச் சந்தா

இவர் என் கணவரின் பயத்தைக் கேட்டு வந்திருக்கிறார், நான் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சுகிர்தா நினைத்தாள்.

அவள் கணவன் பரிதி கார் ஓட்டும் பந்தய அணிக்கு, வந்திருந்த ரெஜினால்ட்தான் தலைவர். டம்ளரை வைத்துவிட்டுப் பேசினார். "தங்கச்சி, ஜனங்க இப்ப ரேஸைப் பார்க்கிறதில்ல. டிரைவரோட இதயத்துடிப்பைக் காதுல மாட்டிக் கேக்குறாங்க. அதுக்குத்தான் சந்தா. நம்ம பரிதிக்கு என்னடான்னா, கோயில் வரிசையில நிக்கிறவர் மாதிரி துடிக்குது. பாதிப் பேர் வேற டிரைவர்கிட்ட போயாச்சு."

"பதறாம ஓட்டுறது நல்லதுதானே சார்?"

"ஓட்டுறதுக்கு நல்லது. யாவாரத்துக்கு?" சிரித்தபடி கைபேசியில் பரிதியின் இதயத்துடிப்பு வரைபடத்தைக் காட்டினார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் சற்று முன்னால் கோடு சட்டென்று இறங்கியது. "இது நீங்க அவருக்குப் போன் பண்ற நேரம்."

அவள் அந்த இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் பரிதி இதைச் சொன்னதே இல்லை. தன் குரல் அவனுக்குள் என்ன செய்கிறது என்பதை இவரிடமிருந்து தெரிந்துகொள்வது அவமானமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நாளைக்கு மட்டும் போன்ல, உங்க பையனுக்குக் கடுமையான காய்ச்சல்னு சொல்லுங்க. ரேஸ் முடிஞ்சதும் நானே உண்மையைச் சொல்லிடுறேன். இல்லன்னா அடுத்த சீசன்ல அவருக்குக் கார் கொடுக்க என்னால முடியாது, தங்கச்சி."

கார் இல்லாத பரிதியை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் மகனின் காய்ச்சலை நினைக்கும் பரிதியைக் கற்பனை செய்ய முடிந்தது.

"பையன் நல்லா இருக்கான் சார்," என்றாள். "நாளைக்கும் அவர்கிட்ட அதைத்தான் சொல்லுவேன்."