கோப்பையின் காது

டிசைனர் சாப்பிடப் போயிருக்கிறான். அடுத்த வாரம் அவன் இந்த அச்சுக் கடையை விட்டே போகிறான். பேனர்களின் ஓரம் வெட்டும் அக்கா இப்போதே அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மென்பொருள் கையேடு விரித்துக் கிடக்கிறது. மூடிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் அவளுடைய கத்தரிக்கோல். திரையில் ஒரு கோப்பை. அதன் கைப்பிடிக் காதைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். இரண்டே புள்ளி போதும், இரண்டாவதைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும் என்கிறது புத்தகம். அவளோ வெட்டிப் பழகிய கையோடு, நறுக் நறுக்கென்று எறும்பு வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறாள். அத்தனையையும் அழிக்கிறாள். உதட்டைக் கடித்தபடி ஒரு புள்ளி வைக்கிறாள். அடுத்ததை வைத்து, மவுஸிலிருந்து விரலை எடுக்காமல் இழுக்கிறாள். மின்விசிறிக் காற்றில் கையேட்டுப் பக்கத்தின் ஓரம் படபடக்கிறது. கோடு மெல்ல வளைந்து காதோடு ஒட்டிக்கொள்கிறது.

"வந்துருச்சேக்கா," என்கிறான் பின்னால் ஈரக் கையைத் துடைத்தபடி நிற்கும் டிசைனர். "எழுந்திருங்க, வேலை கிடக்கு."

"இருப்பா." திரும்பிப் பார்க்காமலே அந்தக் கோட்டையும் அழிக்கிறாள். "இது அதுவா வந்தது. நான் வரவைக்கணும்."