சுண்ணாம்புக்கு ஒரு சேதி

"இது உனக்கு பாப்பா. நாளைக்குக் காலையில உன் முதல் வேட்டை," என்றார் அப்பா. கடைசல் இயந்திரத்திலிருந்து கழற்றிய மர முளையை ஊதித் தூசி தட்டி மகளிடம் நீட்டினார்.

பார்த்தால் கட்டில் கால் மாதிரிதான் இருந்தது. ஒரு முனையை மட்டும் ஊசியாகச் சீவியிருந்தார். ஊருக்கு அவர் கட்டில், நாற்காலி செய்கிற தச்சர். ரத்தக் காட்டேரி வேட்டை பரம்பரைத் தொழில். அதில் கூலியும் கிடையாது, நல்ல பேரும் கிடையாது.

"யாரைப்பா?" என்றாள், தெரிந்துகொண்டே.

"உன் கிளாஸ்ல வெளுத்துப்போய், சுண்ணாம்புன்னு கூப்பிடுற ஒருத்தன் இருக்கானே, அவனை. அவன், அவங்கம்மா, தங்கச்சி, மூணும் ஒரே இடத்துலதான் படுத்துக் கிடக்குதுங்க. வெயில் ஏறினதும் நான் முன்வாசல் வழியா, சித்தப்பா பின்வாசல் வழியா. நீ என் பின்னாடியே வா. உங்கம்மாவைக் குடிச்ச கூட்டம், ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது."

வேட்டைப் பையைத் தோளில் மாட்டுகிற வரை கூடப் பிறந்த தம்பியிடமே மூச்சு விடாத மனுஷன், இன்றைக்கு முழுத் திட்டத்தையும் அவளிடம் ஒப்பிக்கிறார். நம்மையும் ஒரு ஆளாக மதித்துவிட்டார் என்று நினைத்தபோது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பயப்படாமல் என்ன செய்வாள்? கணக்கில் தொண்ணூறு வாங்கிய பெண்ணை, ஃபெயிலானவர்கள் படிக்கிற டுட்டோரியலில் அப்பா சேர்த்ததே உளவு பார்க்கத்தான். பொழுது சாய்ந்த பிறகு நடக்கிற வகுப்பாயிற்றே, அந்தக் கூட்டத்தில் ஒன்றாவது வந்து உட்காரும் என்று கணக்குப் போட்டார். வந்து உட்கார்ந்தது. அவளும் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் "அப்படி யாரும் இல்லப்பா" என்று இன்று வரை புளுகிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு காம்பஸ் முனையால் வந்த வினை. விரலில் குத்தி ரத்தம் பொத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்து பெஞ்சிலிருந்த சுண்ணாம்புக்குக் கண் அதிலேயே நிலைகுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு கைக்குட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பியபடி வெளியே போய்விட்டான். பசித்தவன் பந்தியை விட்டு எழுந்து போவது லேசா? அன்றைக்கு விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

பிறகு ஒருநாள் அவனே சொன்னான். கறிக்கடை ரத்தத்தில்தான் மூன்று பேரும் காலம் தள்ளுகிறார்களாம், மனுஷரைத் தொட்டதில்லையாம். பகலில் எங்கே தூங்குவார்கள், கதவை எப்படித் தட்ட வேண்டும் என்பதையும் சொன்னான். அவர்கள் வழக்கத்தில் அதைச் சொல்வது கழுத்தை நீட்டுவதற்குச் சமம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டுட்டோரியலுக்கு லீவு. அவனிடம் செல்போனும் கிடையாது. நேரில் போய் எச்சரித்தால்தான் உண்டு.

"அப்பா, ஃப்ரெண்டு வீட்டுல நோட்ஸ் வாங்கிட்டு வந்துடுறேன்."

"சரி. வரும்போது உப்புத்தாள் ரெண்டு வாங்கிட்டு வா, நாற்காலி ஒண்ணு தேய்க்க வேண்டியிருக்கு," என்றார், வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. இவ்வளவு நம்புகிறவரை ஏமாற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வேட்டைக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, நேராகப் போய்விடவில்லை. தெருத் தெருவாகச் சுற்றி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பின்னால் யாரும் தென்படவில்லை.

அவர்கள் தூங்குகிற இடம் ஒரு மூடிப்போன சலவை நிலையம். பக்கவாட்டில் படி இறங்கினால் கனத்த இரும்புக் கதவு. உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்க முடியும். அவன் சொல்லிக்கொடுத்தபடி விரல் கணுவால் தட்டினாள்.

"நீயா? இன்னும் வெளிச்சம் போகலையே." தூக்கம் கலையாத முகத்தோடு சுண்ணாம்பு கதவைப் பாதி திறந்தான். உள் இருட்டில் அவன் அம்மாவும், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தங்கையும் நின்றார்கள்.

"எங்கப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் காலையில வர்றாங்க. இருட்டினதும் மூணு பேரும் கிளம்பிடுங்க. எங்க போறீங்கன்னு என்கிட்டகூடச் சொல்லாத."

"உங்கம்மா விஷயம் தெரிஞ்சும் நீ எதுக்கு எங்களுக்காக..."

"அதெல்லாம் கேக்காத. நீ எங்கயாவது உயிரோட இருந்தா எனக்கு அது போதும்." சொல்லும்போதே அழுகை முட்டியது.

"நான் எங்க உயிரோட இருக்கேன்," என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடாத. அப்பா முன்வாசல், சித்தப்பா பின்வாசல். ரெண்டு பக்கமும் அடைச்சிடுவாங்க."

அவன் முகத்திலிருந்த கொஞ்ச நஞ்ச சிரிப்பும் போய்விட்டது.

"பின்வாசலா? இங்க இந்த ஒரு கதவுதானே இருக்கு."

அவன் சட்டென்று கதவை இழுத்தான். அதற்குள் அவள் தோளுக்கு மேலாக ஒரு கடப்பாரை வந்து இடுக்கில் நுழைந்துவிட்டது. மேலே தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. படியில் சித்தப்பா பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அப்பா அவள் தலையைத் தடவி, மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

"நீ ஓடி வந்து சொல்லுவேன்னு நம்பித்தான் பாப்பா உன்கிட்ட சொன்னேன்."