சூட்டறைக் குழாய்

"இன்னிக்கும் அடுப்பை அணைச்சுட்டானா அந்தத் திம்மப்பன்?"

ஜெபசீலி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மார்கழி மாசம். ஓசூர்க் குளிர் என்றால் சும்மாவா? பெரியவர்களுக்கே பல் கிட்டிக்கொள்ளும். சூட்டறையில் கிடப்பதோ மாசம் முழுசாகாமல் பிறந்த பச்சை மண்.

"அணைக்கட்டுமே புள்ளே. அணைச்சாத்தானே நம்ம கையில குடுப்பாங்க?" என்றாள் பக்கத்துக் கட்டில் வெள்ளையம்மா. உத்தனப்பள்ளிக்காரி. அதற்குள் கம்பளியை விரித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சட்டம் அப்படி. சுவருக்கு வெளியே திம்மப்பன் எரிக்கும் பெரிய விறகடுப்பு. அதில் சூடேறும் காற்று தகரக் குழாய் வழியாகச் சூட்டறைக்குள் வரும். உள்ளே இருக்கும் குழந்தையைத் தாய் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், தொடக்கூடாது. பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் நர்ஸ் பாலாடையில் புகட்டுவாள்.

குழாயில் தூசி தட்டுவதற்காக அடுப்பை அணைத்தால் மட்டும் அறை குளிர்ந்துவிடும். அந்த நேரத்துக்குத்தான் குழந்தையைக் கொண்டுவந்து தாயின் மார்போடு சேர்த்துக் கம்பளி போர்த்துவார்கள். வெள்ளைக்கார டாக்டர் போட்ட சட்டம். அவர் கப்பலேறிப் போன பிறகும் அதை மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நர்ஸ் ராஜாத்தி குழந்தையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு சாண் உடம்பு. வைத்த மாத்திரத்தில் ஜெபசீலியின் தோலோடு ஒட்டிக்கொண்டது.

நாள் முழுக்க இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தாள். ஆனால் கைக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. முதல் குழந்தை ஒரு மார்கழியில்தான் ஜன்னி கண்டு போனது.

"என்னக்கா, இவ்வளவு நேரமா குழாயைத் துடைப்பான்?"

குழந்தையோடு எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குழாயின் மூடி கழற்றிக் கிடந்தது. பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான் திம்மப்பன்.

"ஏம்ப்பா, இன்னும் ஆகலையா?"

"ஆகிட்டே இருக்கும்மா."

"எது? வெத்தலையா?"

வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். திம்மப்பன் சிரிக்கவில்லை.

"குழாய்ல தூசி உக்காந்தா கொழந்தைங்களுக்கு ஆகாதும்மா..."

"உன் பிரஷ்ல ஒரு பொட்டுத் தூசி இல்லையே!"

அவன் பிரஷ்ஷைப் பார்த்தான். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பிஞ்சுத் தலையைப் பார்த்தான். "இதோ மூட்டறேம்மா" என்று மெதுவாக எழுந்தான்.

ஜெபசீலி விடவில்லை. குழந்தை உள்ளே போனதும் நேரே வார்டுப் பொறுப்பிலிருந்த பவுலினா சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"குழாய் சுத்தமாத்தான் இருக்கு சிஸ்டர். தினமும் சும்மா அணைச்சுப் போட்டுட்டு வெத்தலை போடறான்."

பஞ்சு மடித்துக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றது. அருகில் ராஜாத்தியும் கம்பவுண்டரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ சரியாப் பார்த்தியா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்."

"ஜன்னல்லேர்ந்துதானே பார்த்தே? தூசி உன் கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்கலாம் இல்லே?"

ஜெபசீலி கான்வென்ட்டில் படித்தவள். "இல்லை சிஸ்டர். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல எனக்கு வராது."

சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். திம்மப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே சனிக்கிழமை மட்டும் தூசி தட்டினாப் போதும். மத்த நாள் அடுப்பு அணையக் கூடாது."

"சரிங்க சிஸ்டர்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வாய் எப்படித் திறக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ஜெபசீலி.

மறுநாள் காலையில் மனசு நிம்மதியாக இருந்தது. அடுப்பு ஜம்மென்று எரிந்தது. குழந்தைக்குச் சூடு குறையாது.

மத்தியானம் வெள்ளையம்மா கம்பளியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜாத்தி வரவில்லை. திம்மப்பன் விறகுக்கட்டோடு ஜன்னலைத் தாண்டிப் போனான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெயில் சாய ஆரம்பித்தது. ஜெபசீலிக்கு மார் கனத்து ரவிக்கை நனைந்தது. எழுந்து போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை கொட்டாவி விட்டது. பிறகு வாயை அப்படியும் இப்படியும் திருப்பி எதையோ தேடியது. இவள் விரல் கண்ணாடியைத் தடவியது. கண்ணாடிகூடச் சூடாகத்தான் இருந்தது.

"ஏ புள்ளே, சிஸ்டர்கிட்ட என்ன போய்ச் சொன்னே?" முதுகுக்குப் பின்னால் வெள்ளையம்மாவின் குரல். "அவன் வெத்தலை போட்டா உனக்கு எங்கே செவந்துது?"

ஜெபசீலி சிஸ்டரின் அறைக்கு ஓடினாள். நல்லவேளை, வேறு யாரும் இல்லை.

"சிஸ்டர்... குழாய்ல தூசி அடைஞ்சிருக்கும்போல இருக்கு. திம்மப்பனை ஒரே ஒரு தரம் அணைச்சுட்டுத் துடைக்கச் சொல்லுங்களேன்."

"நேத்துத்தானே சுத்தமா இருக்குன்னு சொன்னே?"

"நேத்து எனக்கு... சரியாத் தெரியலை சிஸ்டர்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார்.

"வாரத்துக்கு ஒருநாள் போதும்னு திம்மப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் ஜெபசீலி. நீ நாலு பேர் எதிர்ல வந்து சாட்சி சொல்ற வரைக்கும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம்."