உறுப்பினரின் குரல்கருவி

பக்கவாதத்தில் பேச்சிழந்த முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் கோதண்டபாணிக்குக் குரல்கருவி பொருத்தினார்கள். ஒருவர் முன்பு பேசிய பதிவிலிருந்துதான் அது சொல்லெடுத்துப் பேசும். இவருடைய பதிவு அவையில் மட்டுமே கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைவரைப் புகழ்ந்ததும், மேசையைத் தட்டியதும், வந்த மசோதாவையெல்லாம் ஆதரித்ததும் தவிர ஐயா வேறொன்றும் கிழிக்கவில்லை.

சர்க்கரையால் அவர் கால் கறுத்திருந்தது.

"மருந்துலயும் பாக்கலாம். இல்ல, காலை எடுத்துடலாமா சார்?" என்றார் மருத்துவர்.

கண்கள் வேண்டாமென்று கெஞ்சின. கருவியோ அவருடைய பழைய கம்பீரக் குரலில், "முழுமனதோடு ஆதரிக்கிறேன்" என்றது. மேசை தட்டும் ஓசையும் வந்தது.

"டாக்டர், அவரு கண்ணைப் பாருங்க!" என்று மனைவி மரகதவல்லி பதறினாள்.

"சட்டப்படி குரல்தாம்மா செல்லும்."

"பாவி மனுஷா, அங்க ஒரு நாளாவது வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி கூறி அமர்கிறேன்" என்றது கருவி.