செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை, மலையடிவாரத்துப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் நாற்பத்தொரு மாணவிகளுக்குக் காய்ச்சல் பார்க்கப்பட்டது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் சிஸ்டர் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைப்பார். காய்ச்சல் இருந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடம் அப்படிப் போன இரண்டு பேருக்குக் காய்ச்சல் விட்டதும் கல்யாணம் நடந்தது. பத்தாம் வகுப்பு ரேசிக்கு மூன்று நாளாக உடம்பு கொதித்தது. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. நாக்கின் சூடு தணிய வாய் நிறையப் பானைத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றாள்.

“இப்பவே முழுங்கிராதடி, மாப்பிள்ளை வந்துருவான்,” என்றாள் பின்னால் நின்ற தோழி மருதி.

முறை வந்ததும் ரேசி தண்ணீரை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

“தொண்ணூத்தேழு. ஏதாச்சும் செய்யுதா கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்.”

சிஸ்டர் அதை நோட்டில் எழுதினார். மருத்துவ வசதி திருப்தியா என்று கேட்ட படிவத்தில் எல்லோரையும் போல ரேசியும் டிக் போட்டாள்.

வியாழக்கிழமை வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்.

“அஞ்சு நாளாங்க,” என்றாள் கூட வந்திருந்த மருதி.

“அது சும்மா சொல்லுது சார்,” என்று வார்டன் நோட்டை விரித்துக் காட்டினார்.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். ஒரு நாள் காய்ச்சல் என்று சீட்டில் எழுதி, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மாலைப் பேருந்தில் ரேசியை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். பொதுத்தேர்வு எழுத அவள் வரவில்லை.