எந்தப் பிராசசருக்கு?

தான் எழுதிய நூலக மென்பொருளைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிக் கம்பைல் செய்தபோது, எந்தப் பிராசசருக்கு என்ற இடத்தில் தன் புது லேப்டாப்பில் இருப்பதையே கொடுத்திருந்தான் திருமாறன். வேகம் பறக்கும் என்ற ஆசை. நூலகத்தின் பழைய கணினியிலோ ஒரு வாரமாக அது திறந்த கையோடு மூடிக்கொண்டது. அந்தக் கணினியின் பிராசசர் பெயரைப் பார்த்ததுமே, புதுப் பிராசசருக்கான கட்டளைகள் இந்தப் பழசுக்குப் புரியாது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது, காது சுட்டது. பக்கத்தில் நூலகர் மரியபுஷ்பம் சேலைத் தலைப்பால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“நாந்தான் எதையோ தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேன் சார். மேல எழுதிப் போட்டுராதீங்க. ரிட்டயராக இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு.”

அவன் நிமிராமல் அந்த ஒரு வரியை மாற்றி, மறுபடி கம்பைல் செய்து போட்டான். மென்பொருள் திறந்து நின்றது. மரியபுஷ்பம் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இனிமே பாத்து அமுக்குங்கம்மா” என்றது அவன் வாய்.